தெல்மா ரிட்டர் தோற்றவர் அல்ல

தெல்மா ரிட்டரைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை 6 முறை; விருது ஒரு முறைகூட இல்லை. அதன் பிறகு வரப்போவதை வாசகரே சொல்லிவிடலாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். வேலைக்காரி, செவிலி, வீட்டுக்காரம்மா என்று ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்பச் செய்தார் என்பார்கள். நாற்பத்தைந்து வயதில் சினிமாவுக்கு வந்ததால் நல்ல காலம் வீணாகிவிட்டது என்பார்கள். முகம் மட்டும் வேறு மாதிரி அமைந்திருந்தால் நாயகியாகியிருப்பார் என்று முடிப்பார்கள். இவ்வளவையும் அன்போடுதான் சொல்கிறார்கள். அதனால்தான் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பரிதாபத்தோடு சொல்லப்படும் தீர்ப்பு எளிதில் நிலைத்துவிடுகிறது.

நான் இந்தப் பரிதாபத்தை மறுக்கிறேன். குணச்சித்திர நடிப்பு என்பது நாயக நடிப்பின் குறைந்த பதிப்பு என்ற எண்ணத்திலிருந்துதான் அது பிறக்கிறது. அந்த எண்ணமே தவறு. குணச்சித்திர நடிப்பு வேறு வேலை. அதற்கு வேறு திறமை வேண்டும். 1947 முதல் 1968 வரை ஹாலிவுட்டில் அந்த வேலையை ரிட்டர் அளவுக்குச் செய்தவர்கள் மிகச் சிலர். அவர் நடித்த படங்கள் பலவற்றில், கதை திரும்பும் இடமும் நியாயம் சொல்லும் குரலும் அவர் பங்காகவே இருந்தன. அவரை எடுத்துவிட்டால் அந்தப் படங்கள் நிற்காது. இதை ஒவ்வொன்றாகக் காட்ட முடியும்.

அவருடைய முதல் படத்திலிருந்தே தொடங்கலாம். 1947இல் வெளியான 'மிராக்கிள் ஆன் தர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்' படத்தை இயக்கியவர் அவருடைய நண்பர் ஜார்ஜ் ஸீட்டன். நியூயார்க்கின் மேஸி அங்காடியில் கிறிஸ்துமஸ் கூட்டம் அலைமோதுகிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் ஒரு பையன் தீயணைப்பு வண்டி பொம்மை கேட்கிறான். பையனுக்குப் பின்னால் அவன் தாய் நிற்கிறாள். கடை கடையாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்துபோனவள். அந்தப் பொம்மை எங்கும் கிடைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பையன் கண்ணில் படாமல், வாக்குக் கொடுத்துவிடாதே என்று சைகை காட்டுகிறாள். தாத்தாவோ கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறார். பையனை நகர்த்திவிட்டுத் தாத்தாவிடம் சண்டைக்கு வருகிறாள். அவர் நிதானமாக, அந்தப் பொம்மை இன்ன கடையில் இருக்கிறது என்று போட்டிக் கடையின் பெயரைச் சொல்கிறார்.

அடுத்த சில நொடிகளில் ரிட்டரின் முகத்தில் நடப்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கோபம் இன்னும் வடியவில்லை. அதன் மேல் சந்தேகம் ஏறுகிறது: ஒரு கடைக்காரன் இன்னொரு கடைக்கு ஆள் அனுப்புவானா? சந்தேகம் வியப்பாகிறது. வியப்பு அடங்குவதற்குள் மரியாதை வந்துவிடுகிறது. மரியாதை வந்த பிறகும் களைப்பு போகவில்லை. கையில் பொட்டலங்கள், தலையில் தொப்பி, வீட்டில் காத்திருக்கும் வேலை என்று அந்தப் பெண்ணின் முழு நாளும் அந்த முகத்தில் தெரிகிறது. பிறகு அவள் பொம்மைப் பிரிவின் பொறுப்பாளரைத் தேடிப் போய், இனி நான் மேஸியின் நிரந்தர வாடிக்கையாளர் என்று அறிவிக்கிறாள். போட்டிக் கடைக்கு ஆள் அனுப்பும் தாத்தாவைக் கண்டிக்கவிருந்த மனிதர் திகைத்துப்போகிறார். அங்காடியே அந்தப் பழக்கத்தைக் கொள்கையாக்குகிறது. படத்தின் கதை அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

படத்தின் பெயர்ப்பட்டியலில் ரிட்டரின் பெயர் இல்லை. ஆனால் படமாக்கிய காட்சியைப் பார்த்த ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் தலைமைத் தயாரிப்பாளர் டாரில் ஸானக், இந்தப் பெண்ணுக்கு இன்னும் காட்சி எழுதுங்கள் என்று கேட்டார். ஸானக் கருணைக்குப் பெயர் பெற்றவர் அல்ல. இந்தக் காட்சி இல்லாமல் படம் எவ்வளவு இழக்கும் என்பது அவருக்குப் புரிந்தது. சில நிமிடங்களில் ஒரு முழு வாழ்க்கையைச் சுமந்துகொண்டு சட்டகத்துக்குள் நுழைவது, கதையை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிட்டு வெளியேறுவது என்பதுதான் குணச்சித்திர நடிப்பின் வேலை. நாயகிக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. தவறினால் அடுத்த காட்சியில் சரிசெய்துகொள்ளலாம். ரிட்டருக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்து, காலம் வீணாயிற்று என்ற புலம்பல். ரிட்டர் 1902இல் புரூக்ளினில் பிறந்தவர். அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்ஸில் முறையாக நடிப்புப் பயின்றவர். ஊர் ஊராக நாடகம் போடும் குழுக்களில் நடித்தார். நடிகரான ஜோசப் மோரனை மணந்தார். கணவர் பின்னர் விளம்பரத் துறைக்குப் போனார். இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்காக ரிட்டர் மேடையை விட்டு விலகியிருந்து, 1940களில் வானொலி நாடகங்கள் வழியாகத் திரும்பி வந்தார். இதைத்தான் வீணான காலம் என்கிறார்கள்.

இருபது வயதில் ஹாலிவுட்டுக்கு வந்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பி அந்தப் புரூக்ளின் உச்சரிப்பைத் தேய்த்து எடுத்திருப்பார்கள். பல்லைத் திருத்தியிருப்பார்கள், கூந்தல் நிறத்தை மாற்றியிருப்பார்கள். ஸ்டுடியோக்கள் இளம் நடிகைகளுக்குச் செய்த வழக்கமான சடங்கு அது. வானொலி அவருக்கு இதற்கு நேர்மாறானதைக் கொடுத்தது. முகம் தெரியாத இடத்தில், குரலை மட்டும் வைத்து ஒரு ஆளை நிறுத்தக் கற்றுக்கொண்டார். ஒரு வாக்கியத்தை எங்கே வேகமாக ஓட்டுவது, எங்கே ஒரு சொல்லில் காலூன்றி நிற்பது என்ற கணக்கு அவர் படங்கள் எல்லாவற்றிலும் கேட்கிறது. மளிகைச் சாமான் தூக்கியவர், பிள்ளைகளுக்குச் சமைத்தவர் என்ற உடலறிவு திரையில் ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது. 1947இல் கேமரா முன் வந்து நின்றபோது அவர் தயாராக இருந்தார். தாமதம் என்று மற்றவர்கள் சொல்வதில் பாதி அவருடைய பயிற்சிக் காலம்.

ஒரே வேடம் என்ற குற்றச்சாட்டுதான் எல்லாவற்றிலும் அதிகம் சொல்லப்படுவது, எல்லாவற்றிலும் பலவீனமானது. குரல் ஒன்று, உச்சரிப்பு ஒன்று என்பதால் ஆளும் ஒன்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த வாதம் உடனே சரிந்துவிடும்.

1950இல் வெளிவந்த ஜோசப் மான்கீவிட்ஸின் 'ஆல் அபௌட் ஈவ்' படத்தில் அவர் பேர்டி. மேடை நடிகை மார்கோவுக்கு ஒப்பனை அறையில் உடை மாட்டிவிடுபவள். ஒரு காலத்தில் கேளிக்கை மேடைகளில் தானே ஆடிப் பாடியவள். ஈவ் என்ற இளம்பெண் வந்து தன் துயரக் கதையைச் சொல்லும்போது அறையில் இருந்த எல்லோரும் உருகுகிறார்கள். பேர்டியும் கேட்கிறாள். அவளுடைய எதிர்வினை ஒரு கிண்டல் வரி. மார்கோ அதற்காக அவளைக் கடிந்துகொள்கிறாள். ஆனால் அந்தக் கதை ஒத்திகை பார்த்த கதை என்பதை அறையில் முதலில் உணர்ந்தவள் பேர்டிதான். பிறகு மார்கோவே வாய்விட்டுக் கேட்கும்போது, அந்தப் பெண் உன்னைப் பாடமாகப் படிக்கிறாள் என்ற பொருளில் பதில் சொல்கிறாள். எழுத்தாளர், இயக்குநர், விமர்சகர் என்று மேதைகள் நிறைந்த அந்தப் படத்தில் உண்மையை முதலில் கண்டவள் உடை மாட்டிவிடும் பெண். மேடையில் பொய் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தவள் என்பதால் அவளுக்கு அது தெரிந்தது. ரிட்டர் அந்த வரிகளைச் சிரிப்புக்காக வீசவில்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலையை எடைபோடும் தொனியில் சொல்கிறார்.

1954இல் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கால் உடைந்து சக்கர நாற்காலியில் இருக்கும் புகைப்படக்காரர். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் செவிலி ஸ்டெல்லாவாக ரிட்டர். அவள் உள்ளே நுழைந்ததும் செய்வது கண்டிப்பு: அடுத்தவன் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது குற்றம், இது நல்லதற்கு அல்ல. இந்தக் கண்டிப்பை ஒரு பிரசங்கமாகச் சொல்லியிருந்தால் படம் அங்கேயே கனத்துப்போயிருக்கும். ரிட்டர் உடல்வெப்பமானியை எடுத்துக்கொண்டே, முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, நாற்காலியைச் சரிசெய்துகொண்டே பேசுகிறார். கை ஒரு கணமும் ஓய்வதில்லை. படத்தின் முழு அறக்கேள்வியும் ஒரு செவிலியின் காலை வேலைக்கு நடுவில், கேட்பவர் அறியாமலே உள்ளே இறங்கிவிடுகிறது.

பிறகு அதே ஸ்டெல்லா அந்தத் தொலைநோக்கு லென்ஸைத் தானே கேட்டு வாங்குகிறாள். எதிர்வீட்டுக்காரன் மனைவியை எங்கே வைத்து வெட்டியிருப்பான் என்று, ஸ்டூவர்ட் காலைச் சிற்றுண்டியை வாயில் வைக்கும் நேரம் பார்த்து ஆராய்ச்சி செய்கிறாள். கடைசியில் கீழே இறங்கிப்போய்ப் பூச்செடிப் பாத்தியைத் தோண்டுகிறாள். கிரேஸ் கெல்லி நடித்த லிசாவும் இதே பாதையில் மாறுகிறாள் என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். ஆனால் லிசாவின் மாற்றத்தில் காதல் கலந்திருக்கிறது. அந்த மனிதனை வெல்வதற்கு அவள் அவனுடைய பைத்தியத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு அப்படி எந்த ஆதாயமும் இல்லை. அவளிடம் இருப்பது ஆர்வம் மட்டும். திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் நம்மிடம் இருப்பதும் அதுதான். குற்றம் என்று தெரிந்தும் பார்க்க விரும்புகிற மனித இயல்பை ஹிட்ச்காக் இந்தப் பாத்திரத்தின் வழியாகத்தான் நம்மிடம் ஒப்புக்கொள்ள வைக்கிறார். இதை நகைச்சுவைத் துணைப் பாத்திரம் என்று ஒதுக்குகிறவர்கள் படத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1953இல், அவருடைய மிகப் பெரிய சாதனை. சாமுவேல் ஃபுல்லரின் 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' படத்தில் மோ என்ற முதிய பெண். வெளியே கழுத்துப்பட்டை விற்பவள்; உண்மையில் பிழைப்பு, போலீசுக்குத் தகவல் விற்பது. ஜேப்படிக்காரனின் கைவேலையை விவரித்தால் போதும், ஆள் யார் என்று சொல்லிவிடுவாள். விலை பேசாமல் எதுவும் சொல்ல மாட்டாள். சேரும் பணமெல்லாம் ஒரே ஒரு செலவுக்கு: நல்ல கல்லறைத் தோட்டத்தில் தனக்கென்று ஓர் இடமும் ஒரு கல்லும். அநாதைப் பிணங்களோடு தன்னையும் புதைத்துவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம். ரிச்சர்ட் விட்மார்க் நடித்த ஜேப்படிக்காரன் ஸ்கிப்பை அவளே காட்டிக்கொடுக்கிறாள். அவனுக்கு அதில் வருத்தம் இல்லை. அவளும் சாப்பிட வேண்டுமே என்கிறான்.

ஒரு நுண்படச் சுருளைத் தேடி அலையும் ஜோயி என்ற கொலைகாரன் ஒரு நாள் இரவு அவள் அறைக்கு வந்து காத்திருக்கிறான். ஸ்கிப் எங்கே இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். மோ களைத்துப்போய் வீடு திரும்பியிருக்கிறாள். இசைத்தட்டு சுழல்கிறது. துப்பாக்கியோடு வந்திருப்பவனைப் பார்த்து அவள் அலறவில்லை, கெஞ்சவில்லை. உடம்பு ஓய்ந்துபோயிற்று, ஒவ்வொரு நாளும் எழுந்து தெருவுக்குப் போவதே பெரும்பாடு என்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் மூட்டுவலியைச் சொல்லும் தொனியில் சொல்கிறாள். அந்தப் பேச்சில் ரிட்டர் ஒரு சொல்லைக்கூட உயர்த்தவில்லை. கண்ணீருக்கு இடமிருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. கண்கள் எங்கோ நிலைத்திருக்க, சொற்கள் மூச்சு வாங்கி வாங்கி வருகின்றன. சாவைக் குறித்த பயத்தைவிட உடலின் சோர்வு பெரிதாகிவிட்ட ஒரு நிலையை அவர் குரலால் மட்டுமே கட்டுகிறார். வாழ்நாள் முழுவதும் தகவல் விற்றுப் பிழைத்தவள் இந்த ஒரு தகவலை விற்க மறுக்கிறாள். கேமரா அவளை விட்டு இசைத்தட்டின் பக்கம் திரும்புகிறது. துப்பாக்கி வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

அநாதைகளின் இடுகாட்டுக்குப் போகும் படகில் ஏற்றப்பட்ட அவளுடைய சவப்பெட்டியை ஸ்கிப் போய்ப் பொறுப்பேற்று மீட்கிறான். அதுவரை யாருக்கும் எதற்கும் கட்டுப்படாத அந்தத் திருடன் முதன்முறையாகத் தன் லாபத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றைச் செய்கிறான். அவனுடைய மாற்றத்துக்கு நாட்டுப்பற்று காரணமல்ல, மோ காரணம். ஃபுல்லரின் படத்தைக் கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் படம் என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். மோவின் மரணக் காட்சிதான் அதை அந்தச் சுருக்கத்திலிருந்து காப்பாற்றி, நட்பையும் நன்றியையும் பற்றிய படமாக்குகிறது. அந்த ஆண்டு வெனிஸ் திரைவிழாவில் படத்துக்கு வெண்கலச் சிங்கம் கிடைத்தது. அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்: இந்த மோவும் பேர்டியும் ஸ்டெல்லாவும் ஒரே ஆள் என்று சொல்பவர், உச்சரிப்பைக் கேட்டாரே தவிர மனிதரைப் பார்க்கவில்லை.

பட்டியலை நீட்டவும் முடியும். 1959இன் 'பில்லோ டாக்' படத்தில் காலைதோறும் மதுமயக்கம் தெளியாமல் வேலைக்கு வரும் ஆல்மா சிரிக்க வைக்கிறாள். 1961இன் 'த மிஸ்ஃபிட்ஸ்' படத்தில் அவர் இசபெல். ரீனோ நகரில் விவாகரத்துக்கு வரும் பெண்களுக்கு அறை கொடுத்து, நீதிமன்றத்தில் சாட்சியும் சொல்பவள். தன்னை விட்டுப்போன கணவன்மேல் அவளுக்குக் கசப்பே இல்லை என்பதை ரிட்டர் எவ்வளவு இயல்பாகச் செய்கிறார் என்றால், சுற்றியிருக்கும் நட்சத்திரங்களின் வேதனைக்கெல்லாம் அது ஒரு மறுமொழிபோல இருக்கிறது. 1962இல் ஜான் ஃபிராங்கன்ஹைமரின் 'பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்' படத்தில் பர்ட் லங்காஸ்டரின் தாய் எலிசபெத் ஸ்ட்ரௌட். தூக்குக்கயிற்றிலிருந்து மகனைக் காப்பாற்ற வெள்ளை மாளிகை வரை போகிறவள், சிறைக்குள் இருக்கும் அந்த மகன் வேறொரு பெண்ணை ஏற்றுக்கொண்டதும் அவனுக்கு எதிராகத் திரும்புகிறாள். அன்பும் ஆதிக்கமும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கும் அந்தத் தாயிடம் ஒரு கிண்டல் வரிகூட இல்லை. துடுக்குப் பேச்சுதான் ரிட்டரின் சரக்கு என்பவர்களுக்கு இந்த ஒரு படம் போதுமான பதில்.

இதில் இன்னொரு அநீதியும் இருக்கிறது. ஜான் வெய்ன் படத்துக்குப் படம் அதே நடையோடு, அதே இழுத்த பேச்சோடு வந்தார். அதை ஆளுமை என்று கொண்டாடினார்கள். கேரி கிராண்ட் எந்தக் கோட்டுக்குள் இருந்தாலும் கேரி கிராண்டாகவே இருந்தார். அதைப் பாணி என்றார்கள். ரிட்டர் தன் குரலை ஒவ்வொரு படத்துக்கும் எடுத்து வந்தபோது மட்டும் அது சலிப்பு ஆகிவிட்டது. நாயகருக்குத் தனித்தன்மை, துணை நடிகைக்குத் திரும்பச் செய்தல் என்று ஒரே குணத்துக்கு இரண்டு எடைக்கற்கள் வைத்திருப்பவர்கள் அவற்றில் ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும்.

இப்போது விருதுக்கு வருகிறேன். 1950, 51, 52, 53 ஆகிய ஆண்டுகளின் படங்களுக்குத் தொடர்ந்து நான்கு முறை அவர் பரிந்துரைக்கப்பட்டார். பிறகு 1959, 1962 படங்களுக்கு. வென்றவர்கள் முறையே ஜோசபின் ஹல், கிம் ஹன்டர், குளோரியா கிரஹாம், டோனா ரீட், ஷெல்லி வின்டர்ஸ், பேட்டி டியூக். இவர்களில் யாரையும் தாழ்த்திப் பேச நான் விரும்பவில்லை. 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிஸையர்' படத்தில் கிம் ஹன்டர் செய்ததற்கு அந்த விருது தகும். ஆனால் ஒரு கேள்வி. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து, அந்த ஆண்டின் ஐந்து சிறந்த துணை நடிகைகளில் ஒருவர் என்று திரைத் தொழிலின் உள்ளேயிருந்தே தேர்ந்தெடுக்கப்படுவது தோல்வியா? அப்படிப்பட்ட தொடர்ச்சி அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு வாய்த்தது?

மேலும், எந்த விருதும் வாங்காதவர் என்பதே உண்மையல்ல. 1958இல், யூஜின் ஓ'நீலின் 'அன்னா கிறிஸ்டி' நாடகத்தைத் தழுவிய 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்காகச் சிறந்த நடிகைக்கான டோனி விருது அவருக்குக் கிடைத்தது. அதே நாடகத்தில் நடித்த க்வென் வெர்டனோடு அதைப் பகிர்ந்துகொண்டார். துணை நடிகை பிரிவில் அல்ல, முதன்மை நடிகை பிரிவில். பிராட்வேயின் மிக உயர்ந்த விருது அது. அவருடைய வாழ்க்கையைத் தோல்விக் கதையாக எழுதுகிறவர்கள் இதை ஓர் ஓரத்தில் தள்ளிவிடுகிறார்கள். கதைக்கு இடைஞ்சல் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

விருது ஒருவரின் தொழில்வாழ்க்கைக்கு அளவுகோல் அல்ல என்பதற்கு ஹாலிவுட்டின் சரித்திரத்திலேயே கசப்பான சான்று ஒன்று உண்டு. 'கான் வித் த விண்ட்' படத்துக்காக 1940இல் ஹேட்டி மெக்டேனியல் இதே துணை நடிகை விருதை வென்றார். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பின நடிகர் அவர்தான். விருது வழங்கிய அரங்கிலேயே அவரைச் சக நடிகர்களிடமிருந்து பிரித்துத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். வென்ற பிறகும் ஹாலிவுட் அவருக்குப் பெரும்பாலும் பணிப்பெண் வேடங்களையே நீட்டியது. அந்தச் சிலை அவருக்கு ஒரு கதவையும் திறக்கவில்லை. விருது வாங்கியவருக்கு வேடம் மாறவில்லை; வாங்காத ரிட்டருக்கோ மேலே சொன்ன அத்தனை வகை வேடங்கள் வந்தன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நிறவெறி. அது விருதுக்கணக்கில் எங்கும் தெரியாது. யார் எத்தனை முறை வென்றார் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தத் தொழில் உண்மையில் எப்படி இயங்கியது என்பது தெரியாமலே போய்விடும்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். உழைக்கும் வர்க்கத்துப் பெண் என்றாலே வேலைக்காரி, செவிலி, சமையல்காரி என்றுதான் ஹாலிவுட்டுக்குக் கற்பனை ஓடியது. அந்தக் கூண்டுக்குள் இருந்ததைக் கொண்டாடுவது கூண்டையே கொண்டாடுவதாகாதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 1951இன் 'த மேட்டிங் சீஸன்' இதற்கு நல்ல உதாரணம். ஹாம்பர்கர் கடையை வங்கியிடம் இழந்த தாய், மகனைத் தேடி வருகிறாள். மருமகள் அவளை விருந்துக்கு அமர்த்திய சமையல்காரி என்று தவறாக நினைத்துவிடுகிறாள். மகனின் புது வாழ்க்கைக்குத் தன்னால் குறை வரக்கூடாது என்று தாய் அந்த வேடத்தையே ஏற்றுக்கொண்டு சமையலறையில் நிற்கிறாள். படத்தைத் தோளில் சுமப்பவர் ரிட்டர். பெயர்ப்பட்டியலில் ஜீன் டியர்னிக்கும் ஜான் லண்டுக்கும் மிரியம் ஹாப்கின்ஸுக்கும் பின்னால் அவர் பெயர். பரிந்துரையும் துணை நடிகை பிரிவில். அதே ஆண்டு ஜார்ஜ் குகோரின் 'த மாடல் அண்ட் த மேரேஜ் புரோக்கர்' படத்தில் திருமணத் தரகர் மே ஸ்வேஸியாக வந்தபோதும் கதையின் மையம் அவர். விளம்பரத்தில் முன்னால் நின்றவர்கள் மற்றவர்கள். 1955இல் பேடி சாயெஃப்ஸ்கியின் 'த கேட்டர்ட் அஃபேர்' தொலைக்காட்சி நாடகத்தில் தாயாக நடித்தார். அடுத்த ஆண்டு அது படமானபோது அந்த வேடம் பெட்டி டேவிஸுக்குப் போனது. இவையெல்லாம் அநீதிதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் அநீதி செய்தது யார்? ஸ்டுடியோவும் அதன் விளம்பரத் துறையும். அந்த அநீதியைச் சுட்டிக்காட்டுவது ஒன்று. அதைக் காரணம் காட்டி அவர் செய்து முடித்த வேலையைக் குறைத்து மதிப்பிடுவது முற்றிலும் வேறொன்று. ரிட்டருக்கு எழுதப்பட்ட வேடங்கள் பல, தாளில் சில வரிக் கிண்டல்கள்தான். அவற்றுக்குக் கடந்தகாலமும் தன்மானமும் கொடுத்தவர் அவர். 'த மேட்டிங் சீஸன்' தாய் மகனுக்காகத் தன்னை மறைத்துக்கொள்ளும்போது அதில் தியாகத்தின் புலம்பல் இல்லை. இந்த வீட்டில் சமைக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற தொழில் கர்வம் இருக்கிறது. முதலாளி வீட்டுக்குள் நின்றுகொண்டு முதலாளியைச் சமமாக நோக்கும் பார்வை அது. அந்தப் பார்வை திரைக்கதையில் எழுதி வருவதில்லை. கூண்டை மட்டும் பேசிவிட்டு உள்ளே நடந்த வேலையைப் பேசாமல் விட்டால், ஸ்டுடியோ ஒரு முறை மறைத்த பெயரை நாமும் இரண்டாம் முறை மறைக்கிறோம்.

முகம் வேறு மாதிரி இருந்திருந்தால் என்ற பெருமூச்சுக்கும் இதுதான் பதில். நாயகியாகியிருந்தால் அவர் மோவாகியிருக்க முடியாது. 1953இல் எந்த ஸ்டுடியோவும் தன் நாயகியை, சுருங்கிய முகத்தோடும் தளர்ந்த காலோடும், தகவல் விற்கும் கிழவியாக நிறுத்தியிருக்காது. நாயகிக்கு அழகாக இருக்க வேண்டும், காதலிக்கப்பட வேண்டும், முடிவில் சரியான பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற கடமைகள் இருந்தன. ரிட்டருக்கு அவை எதுவும் இல்லை. களைப்பாக இருக்கலாம், பேராசைப்படலாம், தவறாகத் தீர்ப்புச் சொல்லலாம், காட்டிக்கொடுக்கலாம், குடிக்கலாம், மகனையே கைவிடலாம். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் ஒரு பெண் முழு மனிதராக இருப்பதற்கு அனுமதி கிடைத்த இடம், பல நேரங்களில், பெயர்ப்பட்டியலின் நடுப்பகுதிதான்.

1969இல் அவர் காலமானார். அவருடைய படங்கள் இன்றும் பார்க்கப்படுகின்றன. அவற்றில் நாயகர்கள் நடித்த சில காட்சிகள் பழசாகிவிட்டன. காதல் வசனங்கள் சில கேட்கக் கூச்சமாக இருக்கின்றன. ரிட்டர் நுழையும் காட்சிகளுக்கு அந்தக் கதி வரவில்லை. வேலை செய்துகொண்டே பேசும் மனிதர்கள் எந்தக் காலத்திலும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பது அதற்குக் காரணம். திரைப்படம் பலர் கூடிச் செய்யும் கலை. அதன் வரலாற்றை நாயகர்களையும் சிலைகளையும் வைத்து மட்டும் எழுதினால் கதையில் எது எதைத் தாங்கி நிற்கிறது என்பதே நமக்குப் புரியாது. ரிட்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருக்குக் கிடைக்காததை எண்ணுவதை நிறுத்திவிட்டு, அவர் ஒரு காட்சிக்குள் நுழைந்ததும் அந்தக் காட்சி எப்படி மாறுகிறது என்பதை எழுதட்டும். அப்படி எழுதத் தொடங்கினால் இரக்கப்படுவதற்கு அங்கே எதுவும் இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். ஸ்டுடியோ காலத்து அமெரிக்க நடிப்பின் முதல் வரிசையில் அவர் பெயரை எழுத வேண்டியிருக்கும்.